வளைவில் நின்ற ஏழு மரங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குத் தையல்காரர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். அளவு நாடா இன்னும் அவர் கழுத்திலேயே தொங்கியது.

"மேடம், என் தங்கச்சிக்கு வேலையே போயிடும். மரத்தைத் திருடிட்டாங்க!"

"எவ்வளவு பெரிய மரம்?" என்று கணக்கு வாத்தியார் ஆவலாக நோட்டைத் திறந்தார்.

"முக்கால் சாண் இருக்கும்."

வாத்தியார் பேனாவை மூடிவிட்டுத் தன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி, தீ விபத்து நடந்த இடங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்காக முப்பது வருடம் ஆராய்ந்து ஓய்வு பெற்றவர். அவர் சிரிக்கவில்லை. "உக்காருங்க. முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார்.

தையல்காரரின் தங்கை ரயில் ஓட்டுநர். போன மாதம் ஒரு வளைவில் சிவப்பு விளக்கைத் தாண்டி, நின்றிருந்த சரக்கு வண்டியின் வாலில் மோதிவிட்டார். இரண்டு பேருக்குக் காயம். வரிசையாக வளர்ந்திருந்த மரங்கள் விளக்கை மறைத்துவிட்டன என்று அவர் சொன்னார். விசாரணை அதிகாரி போய்ப் பார்த்தபோது அங்கே ஒரு மரமும் இல்லை. மண் நிரவிக் கல் கொட்டியிருந்தது. மற்ற ஓட்டுநர்கள் வாயே திறக்கவில்லை.

"அந்த வளைவை நான் ரெண்டு வருஷம் முன்னாடியே வீட்டுல பொம்மை ரயிலுக்குச் செஞ்சு வெச்சிருக்கேன், மேடம். டேப் எடுத்துட்டுப் போய் ஒண்ணொண்ணா அளந்து செஞ்சது. அதைப் பாக்கத்தான் அதிகாரி இன்னைக்கு நாலு மணிக்கு வர்றாரு. காலையில பாத்தா ஏழு மரமும் இல்ல. அந்த இடத்துல குட்டிக் குட்டியாப் புதர்!"

"யார் மேல சந்தேகம்?"

"வேற யாரு? என் மச்சான்தான். அந்த அறையைக் காலி பண்ணுன்னு முந்தாநாள் ராத்திரி என்கூடச் சண்டை. நேத்துக் காலையில கோவிச்சுக்கிட்டு ஊருக்குப் போயிட்டான்."

வீட்டோடு சேர்ந்த தையல் கடையின் பின்னறையை ஒரு பெரிய மேசையே அடைத்திருந்தது. சுண்ணாம்புச் சாந்து பூசிய மலை, சாயம் ஏற்றிய மரத்தூளில் புல்வெளி, ஒரு தண்ணீர்த் தொட்டி, வளைந்து போகும் தண்டவாளம். தங்கை ஒரு முக்காலியில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். தையல்காரரின் பழைய நண்பர், ரயில் பாதையைப் பராமரிக்கும் குழுவின் மேஸ்திரி, தூரிகையால் மலையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அதிகாரி வர்றாருன்னு நேத்துச் சாயங்காலம்தான் தங்கச்சி சொல்லுச்சு. தூசி தட்டிக் கொடுக்கலாம்னு ஏழு மணிக்கே வந்தேன்" என்றார் மேஸ்திரி. "மரம் காணோம்னு முதல்ல பாத்ததே நான்தாங்க."

வாத்தியார் மேசையைச் சுற்றி வந்தார். "வேலை பிரமாதம். ஆனா புல்லுக்குச் சாயம் சரியா ஏறலையே, அண்ணி. திட்டுத் திட்டா இருக்கு."

அண்ணி ஜன்னலைப் பார்த்தார். எதிர்ச் சுவருக்கும் கூரைக்கும் நடுவே சின்ன இடைவெளி. "இங்க வெயில் எப்ப வரும்?"

"மூணரை மணிக்கு மேல அரை மணி நேரம் எட்டிப் பாக்கும். அதோட சரி."

அண்ணி இடுக்கியால் ஒரு புதரைப் பிடுங்கினார். அதன் அடியில் பசை பால்போல் வெள்ளையாக நூல் விட்டது.

"இந்தப் பசை காய எவ்வளவு நேரமாகும்?"

"ஒரு ராத்திரி போனா கண்ணாடி மாதிரி ஆயிடும்" என்று சொன்ன தையல்காரர், சொல்லி முடித்ததும் திகைத்தார். "அப்போ... என் மச்சான் நேத்தே போயிட்டானே!"

"ஆமா. இது இன்னைக்குக் காலையில ஒட்டினது. நீங்க எத்தனை மணிக்கு இந்த அறைக்குள்ள வந்தீங்க?"

"ஒன்பது மணிக்கு. மேஸ்திரி கூப்பிட்டப்புறம்தான் வந்தேன்."

அண்ணி தங்கையிடம் மெதுவாகக் கேட்டார். "அந்த வளைவுல மரம் வெட்டுறது யார் பொறுப்பும்மா?"

தங்கை மேஸ்திரியையே பார்த்தார்.

தூரிகை மேஸ்திரியின் கையிலிருந்து மேசைமேல் விழுந்தது. அவர் தன் பையைத் திறந்து, துணியில் சுற்றிய ஏழு செப்புக் கம்பி மரங்களை எடுத்து வைத்தார். ஓர் இலைகூட உதிரவில்லை.

"ரெண்டு மழைக்காலமா வெட்டுறேன் வெட்டுறேன்னு தள்ளிப் போட்டேன். மோதினப்புறம் ராவோட ராவா ஆள் வெச்சுப் பிடுங்கிட்டேன். இதையும் ஒடச்சுப் போட்டுடலாம்னுதான் நெனச்சேன். நானும் உக்காந்து முறுக்கின கம்பிதானே, கை வரல."

தையல்காரர் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். "என் தங்கச்சி உன்னை அண்ணன்னுதானேடா கூப்பிடுது!" வாத்தியார்தான் நடுவில் புகுந்து விலக்கினார்.

தங்கை எழுந்து மரங்களைக் கையில் எடுத்தார். "பழைய இடத்துலயே நட்டுடலாம். இன்னும் நேரம் இருக்கு."

"வேண்டாம்மா" என்றார் அண்ணி. "நட்டா, தங்கச்சிக்காக அண்ணன் நேத்து ஒட்டின மரம்னு அதிகாரி சொல்லலாம். வாத்தியாரே, அந்தத் திட்டை இப்ப நல்லாப் பாருங்க. அது சாயக் கோளாறு இல்ல. ரெண்டு வருஷ வெயில்ல மத்த இடமெல்லாம் வெளுத்துப் போச்சு. நிழல் விழுந்த இடம் மட்டும் பச்சையாவே நிக்குது. தொட்டிக்குப் பின்னால ஒரு திட்டு, மரம் இருந்த இடத்துக்குப் பின்னால ஏழு திட்டு. இதை ஒரு நாள்ல யாரும் செய்ய முடியாது."

வாத்தியார் தையல்காரரின் கழுத்திலிருந்து நாடாவை உருவிக்கொண்டு மேசைமேல் கவிழ்ந்தார். "தொட்டி பத்து சென்டிமீட்டர், அதோட நிழல் பதினஞ்சு. மர நிழல் இருபத்தொண்ணு. அப்படின்னா மரம் பதினாலு! விளக்குக் கம்பம் எட்டுதான், அண்ணி! மறைக்காம என்ன செய்யும்?"

நாலு மணிக்கு வந்த அதிகாரி அந்தத் திட்டுகளைத் தானே இரண்டு முறை அளந்து குறித்துக்கொண்டார். அதுவரை மூலையில் நின்றிருந்த மேஸ்திரி முன்னால் வந்து, "மரத்தைப் பிடுங்கினது நான்தான். எழுதிக்குங்க சார்" என்றார். யாரும் அவரைச் சொல்லச் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் தங்கைக்குப் பணிக்குத் திரும்பச் சொல்லி உத்தரவு வந்தது. மேஸ்திரியைப் பதவி இறக்கி வேறு பிரிவுக்கு அனுப்பினார்கள். ஊரை விட்டுப் போகுமுன் அவர் தையல்காரரின் வாசல்வரை வந்தார். தையல்காரர் தையல் இயந்திரத்தை விட்டுத் தலை நிமிரவில்லை. தங்கைதான் வெளியே வந்து, "காப்பி குடிச்சிட்டுப் போங்கண்ணே" என்றார். மேஸ்திரி உள்ளே வரவில்லை. படியில் உட்கார்ந்து குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.