ரத்தம் படாத இடம்

ஞாயிறு, காலை 11.40.

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனி. கட்டிங் மாஸ்டர் கந்தவேல் துணி வெட்டும் மேசைக்கு அடியில் செத்துக் கிடந்தான். நாலடி தள்ளிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் கூட்டிப் பெருக்கும் சின்னத்தாய். பெரிய கத்தரிக்கோல் அவள் காலடியில் கிடந்தது.

இன்ஸ்பெக்டர் ஜெயபாரதி உள்ளே வந்தபோது ஜன்னல் வெளிச்சம் மட்டும்தான் இருந்தது.

"நேத்து சாயங்காலமே கரண்ட் மெயினை எறக்கிட்டோம்மா, இன்னும் ஏத்தலை," என்றார் வாட்ச்மேன் காசிமாயன். "டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள இப்படி ஆயிப்போச்சு."

"நாந்தாம்மா குத்துனேன்," என்றாள் சின்னத்தாய். "என்னைக் கண்டபடி வஞ்சான். வஞ்சிட்டு வாசலைப் பாத்து நடந்தான். கோவத்துல குத்திட்டேன். எழுதிக்கிடுங்க."

பார்த்த சாட்சியும் இருந்தான். சூப்பர்வைசர் ராஜபாண்டி. இடது கையில் பனியன் துணியால் ஒரு கட்டு.

"வாசலைப் பாத்து நடந்தாப்ல மேடம். பின்னாலயே போயி குத்திட்டா."

"கையில என்னங்க?"

"காலையில கட்டிங் மெஷின்ல பட்டுருச்சு."

ஒப்புதல், சாட்சி, ஆயுதம் மூன்றும் கையில். மதியச் சாப்பாட்டுக்குள் வழக்கை முடித்துவிடலாம். ஆனால் குத்தியவளும் பார்த்தவனும் ஒரே வாக்கியத்தைச் சொன்னது ஜெயபாரதிக்கு உறுத்தியது.

12.15. காயத்தைப் பார்த்தாள். ஒரே குத்து. கழுத்தும் தோளும் சேருமிடத்தில், மேலிருந்து செங்குத்தாக இறங்கியிருந்தது.

"கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்க."

சின்னத்தாய் நின்றாள். கந்தவேல் ஆறடி ஆள். அவள் தலை அவன் நெஞ்சுக்குத்தான் வரும். நடந்துகொண்டிருந்தவன் தோளில் அவளால் மேலிருந்து குத்தவே முடியாது. அப்படியென்றால் அவன் குனிந்திருந்தான். எதன் மேல்?

மேசையில் திங்கட்கிழமை வெட்டுவதற்காக வெள்ளைத் துணி அடுக்காக விரித்திருந்தது. அதில் ரத்தம் தெறித்திருந்தது. ஜெயபாரதி ஸ்டூலில் ஏறி மேலிருந்து பார்த்தாள். ரத்தத்தின் நடுவே ஓரிடம் மட்டும் துளி கறையில்லாமல் பளிச்சென்று இருந்தது. ஒரு தலை. மெல்லிய கழுத்து. இரண்டு தோள்கள்.

அங்கே ஒரு பெண் மல்லாந்து கிடந்திருக்கிறாள். தெறித்த ரத்தத்தையெல்லாம் அவள் தன்மேல் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

இறங்கி வந்து ராஜபாண்டியின் முன் நின்றாள்.

"கரண்டே இல்லாம மெஷின் எப்படிங்க ஓடுச்சு? கைக்கட்டை அவுத்துக் காட்டுங்க."

அவன் அவிழ்க்கவில்லை. கான்ஸ்டபிள் அவிழ்த்தார். உள்ளங்கையில் வரிசையாகப் பல் தடம்.

"கந்தவேல் ஒரு புள்ளையை மேசையில அமுக்கினான். நீங்க அந்தப் புள்ள வாயைப் பொத்துனீங்க. அவ கடிச்சா. இந்தம்மா குத்துனது நடந்து போனவனை இல்லீங்க. சாட்சி சொல்ல வந்த நீங்கதான் ரெண்டாவது ஆளு."

ராஜபாண்டிக்கு விலங்கு மாட்டினார்கள்.

பிற்பகல் 3.00. ஸ்டேஷன்.

"ஏனுங்கம்மா பொய் சொன்னீங்க?"

"பொறவு ராஜபாண்டி திரும்பி வந்து, புள்ள சங்கதியை வெளிய சொல்ல மாட்டேன், நான் சொல்லுதபடி நீ சொல்லுன்னான். கல்யாணம் ஆகாத புள்ள. ஊர் வாயில விழணுமா? எனக்கு வயசாயிட்டு, நான் ஜெயில்ல இருந்துக்கிடுவேன்."

"அந்தப் புள்ள பேரை எங்கயும் வெளிய விட மாட்டோமுங்க. சட்டமே அப்படித்தான். சரி, கந்தவேல் விழுந்தப்புறம் கத்தரி உங்க கையிலதான இருந்துச்சு? ராஜபாண்டியை ஏன் விட்டீங்க?"

சின்னத்தாய் வியப்போடு பார்த்தாள்.

"அவன் கையை எடுத்துட்டு ஓடிட்டாம்லா. புள்ளையும் எந்திரிச்சிட்டு. ஓடுதவனைக் குத்தி என்ன செய்ய? கத்தரியைக் கீழ போட்டுட்டேன்."

ஜெயபாரதியின் பேனா நின்றது. அடுத்தவர் உடம்பைக் காக்கவும் ஆயுதம் எடுக்கலாம்; பெண்ணைக் கெடுக்க வந்தவன் அதில் செத்தாலும் அது குற்றமாகாது; ஆபத்து நீங்கிய கணமே அந்த உரிமையும் நீங்கிவிடும். இதைப் புரிந்துகொள்ள அவளுக்கு எத்தனை தீர்ப்புகள் படிக்க வேண்டியிருந்தது! எழுத்துக்கூட்டத் தெரியாத இந்தக் கை சட்டம் போட்ட அந்தக் கோட்டில் சரியாக நின்றிருக்கிறது.

"கோர்ட்டுதான் சொல்லணுமுங்க. ஆனா இது கொலை இல்லைன்னு நான் எழுதுவேன். பேரைச் சொல்லுங்க, அந்தப் புள்ளையோட வாக்குமூலம் வேணும்."

"பேரா? எனக்குத் தெரியாதே தாயி. மூணு நாளைக்கு முன்னாலதான் கம்பெனி ஹாஸ்டலுக்கு வந்துச்சு. ஒரு வார்த்தை பேசுனதில்ல."

ஜெயபாரதி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பெயர்கூடத் தெரியாத ஒருத்திக்காகவா!

4.20. வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். தலை ஈரம். உதடு வீங்கியிருந்தது. இன்ஸ்பெக்டரைத் தாண்டி நேராக சின்னத்தாயிடம் போனாள். அவள் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எம்பேரு அனுசுயா."