கையெழுத்துப் போடாத முனீஸ்வரி

ஆண்டாள் கோயிலில் கும்பிட்டுவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் மழையோடு மழையாக ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினாள் முனீஸ்வரி. பின் சீட்டில் ஒருவன் போனில் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தான்.

“அந்த மில்லுல ஸ்டோர் அம்மாதான் சார் முரண்டு பிடிக்குது! நம்ம சாஃப்ட்வேரைத் தொடவே மாட்டேங்குது. வயசான பொம்பளையா இருக்கும்... கம்ப்யூட்டர்னா பயம். இன்னைக்கு நேர்ல போயி ரெண்டுல ஒண்ணு பாத்துருதேன்.”

அவன் சொன்ன மில்லின் பெயரைக் கேட்டதும் சடாரென்று திரும்பினாள். அங்கே மெஷின் சாமான்களைக் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் ஸ்டோர் அம்மா... இருபத்தாறு வயது முனீஸ்வரியேதான்!

மழைத்துளி தெறித்த அவன் மூக்குக்கண்ணாடி. அதற்குப் பின்னால் பெரிய பெரிய கண்கள்... அவளால் பார்வையை எடுக்க முடியவில்லை. அதனாலேயே கோபம் இரண்டு மடங்கானது.

பத்து மணிக்கு அவன் ஸ்டோர் வாசலில் வந்து நின்றான். பெயர் வரதராஜாம்.

“வாங்க சார். அந்த வயசான பொம்பள நாந்தான்.”

அவன் முகம் போன போக்கு! சிரிப்பை அடக்க அவள் பட்ட பாடு...

“எனக்குப் பயமெல்லாம் இல்ல. செத்த நேரம் இங்கன உக்காருங்க, பொறவு பேசுங்க.”

உட்கார்ந்தான். ஒன்றரை மணிக்கு ஃபிட்டர் கருத்தையா ஓடிவந்தார்.

“தாயி, நாலாம் நம்பர் மெஷின்ல பெல்ட் அந்துபோச்சு!”

மெஷின் நின்றால் முதலில் சாமான், பிறகுதான் அனுமதிச் சீட்டு. இந்த மில்லில் என்றைக்கும் அதுதான் வழக்கம். புது சாஃப்ட்வேரிலோ மேனேஜர் அனுமதி கொடுக்காமல் ஒரு நட்டைக்கூட எடுக்க முடியாது. மேனேஜர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார். போனும் அணைந்திருந்தது.

முனீஸ்வரி கையைக் கட்டிக்கொண்டாள். “என்ன சார், குடுக்கவா, வேணாமா?”

வரதராஜுக்குச் சுருக்கென்றது. மூன்று மாதம் மாடியில் ஏசி அறையில் மேனேஜர்களோடு பேசிப் பேசிச் செய்த சாஃப்ட்வேர். ஸ்டோரில் இருப்பவளை ஒரு வார்த்தை கேட்கவில்லையே!

“குடுங்க... தப்பு எம்மேலதான்.”

சாயங்காலம் முதலாளி முன்னால், எல்லோரும் பார்க்க, அதையே சொன்னான். சாமான் முதலில், அனுமதி பிறகு என்று மாற்றவும் கேட்டான். மேனேஜர் முறைத்தார். முதலாளி சரி என்றார். அட... இம்புட்டுப் பேருக்கு முன்னால தப்பை ஒத்துக்கிடுதானே! முனீஸ்வரியின் கோபம் போன இடம் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து அந்த சாஃப்ட்வேரை மற்றவர்களுக்குச் சொல்லித்தர அவளே வாத்தியாரானாள். கருத்தையாகூட ஒற்றை விரலால் தட்டித் தட்டிப் பழகிவிட்டார். அதுவரை நகராதது பத்தே நாளில் ஓடியது. அந்தப் பத்து நாளும் வரதராஜ் ஸ்டோரைவிட்டு நகரவில்லை. டீ வந்தால் இரண்டு டம்ளராகவே வந்தது...

கடைசி நாள் ஒரு தாளை நீட்டினான். ஸ்டோரில் எல்லாம் சரி என்று அவள் கையெழுத்துப் போட்டால் இங்கே அவன் வேலை முடிந்தது. திங்கட்கிழமை கோயம்புத்தூரில் அடுத்த மில்.

முனீஸ்வரி பேனாவைப் பிடித்தபடியே இருந்தாள்.

“இன்னும் என்ன குறை மேடம்? சொல்லுங்க, இப்பவே சரிபண்ணிருதேன்.”

“குறை ஒண்ணுமில்ல...”

“பொறவு?”

அவள் தலை நிமிரவில்லை. “போட்டா... நீங்க போயிருவிய.”

அவன் முதல்முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

“போடுங்க முனீஸ்வரி. எனக்கும் ஒங்களப் பாக்காம இருக்க ஏலாது. ஞாயித்துக்கிழமை எங்கம்மாவைக் கூட்டிக்கிட்டு சேத்தூருக்கு, ஒங்க வீட்டுக்கு வாரேன்... பொண்ணு கேக்க.”

தாளில் மளமளவென்று கையெழுத்து விழுந்தது.

“சாயந்தரம்னு இழுக்காதிய... காலையிலேயே வாங்க!”