கலங்கிய கசிவு

கசிவு நீர் கலங்கியிருந்தது. அணையின் அடிவாரத்தில் விரல் கனத்துக்கு ஒழுகிய தண்ணீரை உதவிப் பொறியாளர் கண்ணாடிக் குவளையில் பிடித்து, வெயிலில் தூக்கிப் பார்த்தார். மண் அணையில் கசிவு தெளிவாக இருந்தால் பெரிய கவலையில்லை. கலங்கினால் அணையே உள்ளுக்குள் அரிபடுகிறது என்று அர்த்தம். அணைப் பாதுகாப்புப் பயிற்சியின் காலை வகுப்பில்தான் சொல்லியிருந்தார்கள்.

"சார், இதைக் கொஞ்சம் பாருங்க."

வகுப்பெடுத்த பயிற்சியாளர் பார்த்தார். "தெளிவாத்தானே இருக்கு? மூக்குக்கண்ணாடிய மாத்துங்க சார்."

கூட வந்த அதிகாரிகள் சிரித்தார்கள்.

மாலையில், ஈர மண்வாடை அடித்த பயிற்சிக் கூடத்தில் ஒத்திகை தொடங்கியது. அணை உடைந்ததாக வைத்துக்கொண்டு கீழே இருப்பவர்களை எச்சரிக்க வேண்டும். மின்விசிறியின் இரைச்சலுக்கு அடியில், சுவருக்குப் பின்னால் ஏதோ மெல்லச் சரிவதும் நிற்பதும் மறுபடி சரிவதுமாக ஒரு சத்தம் உதவிப் பொறியாளருக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. அணைக்கு நேர் கீழேதான் அவர் வீடு. மனைவியும் ஐந்து வயது மகளும் அங்கே இருந்தார்கள்.

கதவிடுக்கு வழியாகச் செம்மண் நீர் ஊர்ந்து உள்ளே வந்தது. நாற்காலிக் கால்களைச் சுற்றிப் பரவியது. ஒருவர்கூடக் காலைத் தூக்கவில்லை.

அவர் வராந்தாவில் இருந்த அலுவலகத் தொலைபேசிக்கு ஓடினார். இரண்டு தடவை எண் தவறியது.

"பாப்பாவத் தூக்கிக்கிட்டு மேட்டுக்கு ஓடு! அணை உடையப் போகுது!"

"யாருங்க பேசறது?" என்றாள் மனைவி.

"நான்தான்டி! என் குரல்கூடத் தெரியலையா?"

"விளையாடாதீங்க. அவர் இப்பத்தான் வீட்டுக்கு வந்தார். மழையே இல்ல, தொப்பலா நனைஞ்சு வந்திருக்கார். ஒத்திகைன்னு எவனாவது கூப்பிடுவான், வெளிய போயிடாதேன்னு சொல்லிட்டுத்தான் உக்காந்தார்."

"அது நான் இல்ல! கதவைத் திற. ஓடு. உன் கால்ல விழறேன், ஓடு!"



பிறகு போனில், வீட்டு அறைக்குள்ளிருந்து ஒரு ஆண்குரல். அவருடைய குரலேதான். நிதானமாக.

"யாரும்மா போன்ல? வெச்சிட்டு வா."

வீட்டுத் தாழ்ப்பாள் விழும் சத்தம் போனில் கேட்டது. அவர் கத்தினார். மறுபடி கத்தினார்.

இன்னும் வைக்காத போனில், தூரத்தில் மகள் கேட்டாள்.

"அப்பா, உங்க சட்டையிலேருந்து ஏன் தண்ணி நிக்காம ஊத்துது? எனக்குக் கழுத்து வரைக்கும் வந்திருச்சுப்பா."