மத்தியானம் மறைந்த சிகரம்

"அங்கிள், என் உழைப்பை ஒருத்தன் கெடுத்துகினு இருக்கான்!" என்று மூச்சிரைக்க வந்து நின்றாள் ஆலிஸ். நாளை மாலை பரீட்சகர் வருகிறார். அவர் கண்ணெதிரே அவள் சோதனையின் வரைபடத்தில் சிகரம் எழாவிட்டால் டாக்டர் பட்டம் அம்போதான்.

துறைமுகப் போலீஸிலிருந்து ஓய்வு பெற்ற அடுத்த வீட்டுச் சவரிநாதன் சாவதானமாகச் சட்டையை மாட்டினார். அவரோடு ஒட்டிக்கொண்டு திரியும் கருணாகரனுக்கோ கால் தரையில் பாவவில்லை.

ராயபுரம் கடலோர ஆய்வுக்கூடத்தில் ஆலிஸ் விளக்கினாள். பேரியம் என்னும் உலோகத்தின் ஆவியில், ஓர் அணுவின் இரண்டு எலெக்ட்ரான்களை லேசரால் உச்சிக்கு ஏற்றுகிறாள். அங்கே ஒன்று அசைந்தால் மற்றதும் அசையும்; கடைசியில் ஒன்று மற்றதை வெளியே தள்ளிவிடும். அந்தச் சேதிதான் வரைபடத்தில் சிகரமாக எழுகிறது.

"அவ்ளோ உசரத்துல அணு ரொம்ப நோஞ்சான், அங்கிள். வேண்டாத மின்சாரம் துளி பட்டாலும் உதிர்ந்துடும். திங்கக்கிழமையிலேருந்து இப்படித்தான். காலையில சிகரம் வருது. மத்தியானம் பரசுராமன் வந்தா போயிடுது."

"அவனேதான் சார்!" என்றான் கருணாகரன்.

அப்போதுதான் உள்ளே வந்த சக ஆய்வாளன் பரசுராமனுக்குக் கண் கலங்கிவிட்டது. "சத்தியமா நான் தொடல, சார்."

அப்போது ஆலிஸின் தாய் இருதயம்மாள் கூடையோடு வந்தாள். சாப்பாட்டு அடுக்குக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புட்டி இருந்தது. ஜன்னல் திரை புடைத்தது. வரைபடத்தில் கோடு படுத்துவிட்டது.

மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, கருவியின் மின்கம்பியைத் தாங்கிய பீங்கானை விரலால் தடவி நாக்கில் வைத்தார் சவரிநாதன்.

"ஐயோ அங்கிள், இங்க எதையும் வாயில வைக்காதீங்க!"

"உப்பும்மா. கருணா, நீ உள்ள வந்த ஆளைப் பார்த்தே. மத்தியானம் கூடவே வந்த ஈரக் கடக்காத்தைப் பார்க்கல. உப்பு ஈரங்கோத்தா மின்சாரம் கசியும், அணு உதிரும்."

"கடலோரம் உப்பு இல்லாம இருக்குமா சார்?"

"அதுவா வந்திருந்தா பீங்கான் முழுக்கப் படிஞ்சிருக்கும். இது துளித்துளியா, சிலுவை வாக்குல கீது. நம்ம சாமியார் தீர்த்தம் மந்திரிக்கும்போது உப்பு போடுவாரு."

எல்லோர் பார்வையும் புட்டிமேல் விழுந்தது. "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வாங்கியாந்து, மறுநாள் சோறு குடுக்க வந்தப்போ தெளிச்சேன்," என்றாள் இருதயம்மாள். "புள்ள பாஸாவணும்னுதான், நைனா."

ஆலிஸ் ஸ்பிரிட்டால் பீங்கானைத் துடைத்தாள். கடற்காற்று திரையைத் தூக்கியடிக்க, பரசுராமனே விசையைப் போட்டான். வரைபடப் பேனா விறுவிறுவென்று மேலேறியது. சிகரம்! ஆலிஸ் அவன் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். அவளுக்கு வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாகப் பொங்கின.

மறுநாள் மாலை, அதே கடற்காற்றில், பரீட்சகர் "பிரமாதம், டாக்டர் ஆலிஸ்!" என்று கைகொடுத்தார். வாசலில் காத்திருந்த இருதயம்மாள் மெல்லக் கேட்டாள்: "அப்போ நான் தெளிச்ச தீர்த்தம் பலிச்சுதா, இல்லியா?"

"பலிச்சுதும்மா," என்று சிரித்தான் பரசுராமன். "அடுத்த தபா மிஷின் மேல வாணாம், உங்க பொண்ணு தலையில தெளிங்க!"