குணலட்சுமி வைத்த நேர்த்தி

நடந்துவிட்டு வருகிறேன் என்று புறப்பட்ட அப்பா, குணலட்சுமி பல் துலக்கி முடிப்பதற்குள் சைக்கிளில் வந்து இறங்கினார்.

சைக்கிள் பக்கத்து வீட்டுத் தம்பிராசா மாமாவுடையது. அப்பா பின்னால் கரியரில் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணை பாவம், தனிய நடந்து போனார். ஏத்திக்கொண்டு வந்திட்டன்,” என்று பெருமையோடு சொல்லிவிட்டு மாமா போனார்.

குணலட்சுமிக்கு அழுகை வந்தது. முந்திய கிழமை அப்பாவோடு அவளும் யாழ்ப்பாணத்துக்கு டொக்டரிடம் போயிருந்தாள்.

“பிறஷர் கூடியிருக்கு, நமசிவாயம். தினமும் அரை மணித்தியாலம் நடவுங்கோ. இப்பிடியே இருந்தால் இருதயத்திலை வருத்தம் வரும்,” என்று டொக்டர் சொன்னது இன்னும் அவள் காதிலே இருந்தது.

அப்பாவுக்கு நடந்து பழக்கமில்லை. முன்பெல்லாம் சந்திக் கடைக்குத் தீப்பெட்டி வாங்கக்கூட மோட்டார் சைக்கிளில்தான் போவார். நாட்டில் சண்டை தொடங்கிய பிறகு பெற்றோல் வருவதில்லை. மோட்டார் சைக்கிள் சாக்குப் போர்த்துக்கொண்டு கொட்டிலில் தூங்கியது. ஆனால் கோப்பாய் ஊர்ச் சனம் நல்ல சனம். தெரிந்த ஒருவர் நடந்துபோகக் கண்டால், ஏற்றாமல் விடாது.

“ஏனப்பா ஏறினீங்கள்?”

“ஏறுங்கோ எண்டு ஆசையாக் கேக்கேக்கை மாட்டன் எண்டு சொல்லலாமே? மனம் நோகுமெல்லே.”

“டொக்டர் சொன்னதைச் சொல்லலாம்தானே?”

“ஊர் முழுக்க என்னை வருத்தக்காரன், நோயாளி எண்டு கதைக்கவோ? போ பிள்ளை!”

அன்று மாலை குணலட்சுமி தோட்டவெளி வைரவர் கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றாள். வீட்டுக்கு வந்ததும் நேரே அப்பாவிடம் போனாள்.

“அப்பா, நான் வைரவருக்கு நேர்த்தி வைச்சிட்டன். நீங்கள் ஒவ்வொரு நாளும் விடிய நடந்துபோய் அவருக்குப் பூ வைப்பீங்கள்.”

“நேர்ந்தது நீ. நடக்கிறது நானோ? இதென்ன ஞாயம்?”

“நான் சின்னனா இருக்கேக்கை, எனக்குக் காய்ச்சல் மாறவேணும் எண்டு சந்நிதி முருகனுக்கு நேர்ந்தது ஆர்?”

“நான்தான்.”

“மொட்டை விழுந்தது ஆரின்ரை தலையிலை?”

குசினிக்குள் அடுப்படியில் அம்மா சிரிப்பை மறைக்க இருமினார். சாமிக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறவர் அல்லர் அப்பா.

மறுநாள் விடிய, பூத்தட்டை ஏந்திக்கொண்டு அப்பா நடந்தார். பக்கத்தில் குணலட்சுமி. ஒழுங்கைப் பாதை திரும்புமுன்னே பின்னால் சைக்கிள் மணி கிணுகிணுத்தது.

“அண்ணை, ஏறுங்கோ! பிள்ளை முன்னாலை பாரிலை இருக்கட்டும்,” என்றார் தம்பிராசா மாமா.

அப்பா நின்றார். அவர் நெற்றி வியர்த்திருந்தது. கரியரைப் பார்த்தார். குணலட்சுமி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

“இல்லைத் தம்பிராசா. நேர்த்தி. நடந்துதான் போகவேணும்.”

“என்ன நேர்த்தி அண்ணை?”

கையில் சாமிக்குப் பூ வைத்துக்கொண்டு பொய் சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை.

“எனக்குப் பிறஷர். நடக்காட்டி இருதயம் பழுதாப் போகுமாம். அதுக்குத்தான் என்ரை மகள் நேர்ந்தவள்.”

மாமா சிரிக்கவில்லை. “ஐயோ, தெரியாமல் நானெல்லே உங்களை ஏத்திக்கொண்டு திரிஞ்சன்!” என்றார். சட்டென்று இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு கூடவே நடந்தார்.

புகையிலைத் தோட்டம் தாண்டியபோது எதிரே மீன்காரர் செபநாயகம் வந்தார். சைக்கிளை உருட்டுகிற தம்பிராசா மாமாவைப் பார்த்து அவர் மனம் இளகியது.

“என்ன, ரயரிலை காத்துப் போட்டுதோ? நில்லுங்கோ, என்னட்டைக் காத்தடிக்கிற பம் இருக்கு!”

“ரயருக்கு வேண்டாம் செபநாயகம்!” என்றார் அப்பா. “என்ரை நெஞ்சுக்குத்தான் காத்து அடிக்கிறம். நீரும் வாருமன்!”

சொல்லிவிட்டுச் சிரித்தபடியே கோயில் பக்கம் எட்டி நடந்தார். அவரைப் பிடிக்கக் குணலட்சுமிதான் ஓடவேண்டியிருந்தது.