மூச்சு எண்ணும் வராந்தா

மலைச்சரிவின் வளைவில் பேருந்து நின்றபோது அவன் மடிக்கணினியை மூடிவிட்டுக் கேட்டான்.

"இங்கேயே இறங்கிடலாமா?"

கேட்டது தன் கணவன்தானா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. இரண்டரை வருடமாக ஊர் ஊராகப் போய், வாடகை அறைகளில் தங்கி, கணினியிலேயே வேலை பார்த்துப் பிழைக்கிறவர்கள் அவர்கள். எந்த ஊரில் எத்தனை நாள், எந்தத் தெருவில் அறை, எந்த மூலையில் இணையம் வேகமாக வரும் என்று அத்தனையையும் அவன் கட்டம் போட்டு எழுதி வைத்துவிடுவான். அதனால் அவள் அவனுக்கு வைத்த பெயர் பட்டியல். அவன் அவளுக்கு வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். அதற்கும் காரணம் இருந்தது. தூரதேசத்து அலுவலகக் கூட்டங்களில் யார் என்ன பேசினாலும், காது கேளாதவர்கள் திரையில் படிப்பதற்காக, பேசியவர் வாயை மூடுவதற்குள் அதை எழுத்தாக்கிப் போடுவது அவள் வேலை. காதில் விழுகிற சொல் புத்திக்கு எட்டும் முன்பே விரலுக்கு எட்டிவிடும்.

"அடுத்த ஊர்ல ரூம் போட்டாச்சே" என்றாள்.

"போனா போகுது. ஒரு தடவையாவது யோசிக்காம ஒண்ணு செய்வோம். கொஞ்ச நாள் மெதுவா இருந்து பார்ப்போம்."

இந்த வார்த்தைக்காக அவள் எத்தனை நாள் ஏங்கியிருப்பாள். பையைத் தூக்கிக்கொண்டு அவனுக்கு முன்னால் இறங்கிவிட்டாள்.

கடைத்தெரு முடிகிற இடத்தில் அந்தக் கட்டடம் இருந்தது. நீளமான, வெள்ளையடித்து வருடக்கணக்கான ஒற்றை மாடி. வாசலில் 'மாடி வாடகைக்கு' என்று ஓர் அட்டை. கீழே இஸ்திரிக் கடை. அறுபது வயது மதிக்கத்தக்க ஒல்லியான அம்மாள் விடுதிப் படுக்கை விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் வீட்டுக்காரம்மா. பேசும்போதுகூடக் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாரே தவிர, பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்காரவில்லை.

"ஒரு வாரம்தான் குடுப்பேன். அதுக்கு மேல கேக்கக்கூடாது" என்றார்.

மாடியில் ஓர் அறை, ஒரு சமையல் மேடை, அதற்கு வெளியே பள்ளத்தாக்கைப் பார்த்த மாதிரி ஒரு நீண்ட வராந்தா. வராந்தாவில் வரிசையாக எட்டு சாய்வு நாற்காலிகள். ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் மடித்த சாம்பல் நிறக் கம்பளி. லேசாகப் பினாயில் வாடை அடித்தது.

"அதுல உட்காராதீங்க. துணியெல்லாம் நைஞ்சு போயிருக்கும், விழுந்து வைப்பீங்க."

அவர் இறங்கிப் போன பிறகு அவள் ஒரு நாற்காலியின் துணியைத் தட்டிப் பார்த்தாள். மேளத்தோல் மாதிரி விறைப்பாக இருந்தது.

முதல் மூன்று நாட்களைப் போல மூன்று நாட்கள் அவர்கள் வாழ்க்கையில் வந்ததில்லை. அலாரம் வைக்காமல் தூங்கினார்கள். கால் போன பக்கம் நடந்தார்கள். மதியத்தில் அவள் வேலைக்கு உட்காருவாள். அவன் வராந்தாவில் சாய்வான். எட்டிப் பார்த்தால், கம்பளியைக் கழுத்து வரைக்கும் போர்த்திக்கொண்டு பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஓரங்கள் உடம்பின் இரு பக்கமும் கச்சிதமாகச் செருகியிருக்கும். தலையணை உறையைக்கூட ஒழுங்காகப் போடத் தெரியாதவன் இவ்வளவு நேர்த்தியாகப் போர்த்திக்கொள்கிறானே என்று சிரித்துக்கொண்டாள்.

ஏழாம் நாள் அவனே கீழே போய் இன்னும் ஒரு மாதம் கேட்டான். வீட்டுக்காரம்மா முடியாது என்று தலையாட்டினார். அவளும் போய்க் கெஞ்சினாள்.

"இவ்வளவு நிம்மதியா இவரை நான் பார்த்ததே இல்லைம்மா. நீங்கதான் மனசு வைக்கணும்."

வீட்டுக்காரம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அந்த நாற்காலியில உட்கார்றாரா?"

"இல்லையே" என்று அவள் பொய் சொன்னாள். வீட்டுக்காரம்மா அரைமனதாகச் சம்மதித்தார்.

அந்தப் பொய்யைப் பிற்பாடு நினைத்து நினைத்து அழுதாள்.

பேச்சின் வேகத்தை அளப்பது அவள் தொழில். பட்டியல் நிமிடத்துக்கு நூற்றறுபது சொல் பேசுகிறவன். இரண்டாம் வாரத்தில் அது நூறாகத் தெரிந்தது. பிறகு அறுபது. காபி ஆறிப்போகும் வரைக்கும் கோப்பையைக் கையில் வைத்திருந்தான். ஒரு வாய்ச் சோற்றை அவன் மென்று விழுங்குவதற்குள் அவள் சாப்பிட்டு முடித்துத் தட்டையும் கழுவிவிட்டாள்.

அவளுடைய அக்கா போன் செய்தாள். நான்கு மணி நேரப் பயணத்தில், பெருநகரத்தில் இருக்கிறவள். கொஞ்ச நேரம் அவனிடம் பேசிவிட்டு, "அவகிட்ட குடுங்க" என்றாள்.

"என்னடி இது, உன் வீட்டுக்காரர் பேச்சு இழுக்குது. நெட் சரியில்லையா?"

"நெட் நல்லாத்தான்க்கா இருக்கு."

"அப்ப உடம்பு சரியில்லையா?"

"ரெஸ்ட்ல இருக்கார். அவ்வளவுதான்."

சொல்லும்போதே அவள் பார்வை வராந்தாவுக்குப் போனது. அவன் மூன்றாவது நாற்காலியில் இருந்தான். ஐந்தாவது நாற்காலியின் துணி, ஆள் உட்கார்ந்த மாதிரி நடுவில் தொய்ந்திருந்தது.

காற்றாக இருக்கும் என்று நினைத்தாள்.

காற்று அடிக்கவில்லை.

மறுநாள் மதியம் இரண்டரை மணிக்கு ஒரு பெரிய கூட்டம். இருநூறு பேர் திரையில் படிக்கிறார்கள். வெயில் சன்னமாக இருந்தது. அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தாள். நடுவில், இறந்துபோன சக ஊழியர் ஒருவருக்காக ஒரு நிமிடம் மௌனம் அனுசரிப்போம் என்றார்கள். எல்லோரும் அமைதியானார்கள். அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தாள்.

விரல்கள் நிற்கவில்லை.

விசைகள் தட்டுப்படுகிற சத்தம் கேட்டுத்தான் திரும்பினாள். திரையில் அவள் எழுத்தாக வரிகள் ஓடிக்கொண்டிருந்தன.

அசையாதே. மூச்சு ஒன்று.

அசையாதே. மூச்சு இரண்டு.

பேசக்கூடாது. மூச்சு மூன்று.

கூட்டத்தில் ஒருவர், "இது யார் பேசுறாங்க?" என்று கேட்டார். அதையும் அவள் விரல்கள் தட்டின. அதற்கு அடுத்த வரி தானாக வந்தது.

புதுசா வந்தவன் நல்லா இருக்கான். மூச்சு நான்கு.

ஹெட்போனைக் கழற்றி எறிந்தாள். கழற்றிய பிறகுதான் காதுக்கே கேட்டது. வராந்தாவிலிருந்து வந்தது அந்தக் குரல். அதட்டல் இல்லாத, அன்பான, வயதான பெண்குரல். கூடவே ரப்பர் செருப்பு சிமெண்டுத் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம்.

சப். சப்.

ஒவ்வொரு நாற்காலியாக நின்று நின்று வந்தது.

கதவுக்கு வந்தாள். வராந்தாவில் நடமாடுகிறவர் யாரும் இல்லை. எட்டு நாற்காலித் துணியும் தொய்ந்திருந்தன. எட்டுக் கம்பளியும் விரித்துப் போர்த்தியிருந்தன. ஏழு கம்பளிகள் ஆள் இல்லாமலே மேடிட்டு இருந்தன. மூன்றாவது நாற்காலியில் அவன். கண் திறந்திருந்தது. சிரித்த முகம். அவன் மூக்கருகில் கை வைத்தாள். எண்ணினாள். இருபத்திரண்டு எண்ணிய பிறகு ஒரு மூச்சு வந்தது.

"எழுந்திரு. பட்டியல், எழுந்திருடா."

அவன் உதடு அசையத் தொடங்கியது. ஒரு சொல் வெளியே வருவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"ஏன்."

அவள் கம்பளியை இழுத்தாள். வரவில்லை. இரு பக்கமும் யாரோ அழுத்திப் பிடித்த மாதிரி இருந்தது. இழுக்க இழுக்க இறுகியது. படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினாள்.

வீட்டுக்காரம்மா இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"உட்கார்ந்தாரா?"

"தினமும் உட்கார்ந்தார். நான்தான் பொய் சொல்லிட்டேன். மேல யாரும்மா இருக்கா?"

"எங்கம்மா." அவர் குரலைத் தாழ்த்தினார். "இது நெஞ்சு வியாதிக்காரங்க, டி.பி. வந்தவங்க தங்கின இடம். அம்மா தலைமை நர்ஸ். வெளியில மருந்து வந்தும் அம்மா அதை நம்பலை. அசையாம படுத்திருக்கிறதுதான் மருந்து. காலையில படுக்க வெச்சா பொழுது சாயற வரைக்கும் ஒருத்தரும் விரல் அசைக்கக்கூடாது. அம்மா நடந்து நடந்து மூச்சை எண்ணுவாங்க. மூச்சு குறையக் குறைய உடம்பு தேறுதுன்னு சொல்லுவாங்க."

"எத்தனை பேர் தேறினாங்க?"

"எழுந்து போன ஒருத்தரை நான் பார்த்ததில்லை."

 இருவரும் மாடிக்கு ஓடினார்கள்.

"பக்கவாட்டுல இழுக்காதீங்க, கால்மாட்டுலேருந்து உருவுங்க" என்றார் வீட்டுக்காரம்மா. "அவரைப் பேச வைங்க. அவருக்கு அவசரமான விஷயம் எதையாவது சொல்லுங்க."

அவள் அவன் காதருகில் குனிந்தாள். தன் வாழ்நாளில் எவ்வளவு வேகமாகப் பேச முடியுமோ அவ்வளவு வேகமாகப் பேசினாள். அவன் கட்டம் போட்டு வைத்த அத்தனையையும் சொன்னாள். திங்கள் காலை ஒன்பதரைக்கு மீட்டிங், பத்தரைக்கு வெப்சைட்டோட முகப்புப் படம் அனுப்பணும், புதன்கிழமை விசாவுக்கு மனு அனுப்பக் கடைசி நாள், நீ அனுப்பலை, எல்லாரும் காத்திருக்காங்க, பஸ் கிளம்புது, நம்ம பஸ் கிளம்புதுடா. ஒரு காலத்தில் கேட்டாலே எரிச்சல் வந்த பட்டியல். இப்போது மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவன் நெற்றி சுருங்கியது.

"மணி என்ன?" என்றான்.

கம்பளி வழுக்கிக்கொண்டு வந்தது. வீட்டுக்காரம்மா அவனைத் தோளில் தாங்கி நிறுத்தினார். வெறுங்காலோடு அந்தப் படியில் இறக்க முடியாது. அவள் அவன் ஷூவைக் காலில் மாட்டினாள். கயிறு கட்டக் குனிந்தவளுக்குத் தலை சுற்றியது. பக்கத்து நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து கட்டினாள்.

ஒரு நிமிடம்தான். எவ்வளவு சுகமாக இருந்தது அந்தத் துணி.

"எழுந்திருங்க," வீட்டுக்காரம்மா அவள் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். அவர் குரல் கம்மியிருந்தது, நெடுநேரம் கூப்பிட்ட மாதிரி. "எழுந்திருங்கம்மா."

காய்கறி ஏற்றிப்போன ஒரு வண்டியில் இடம் கேட்டு அன்றைக்கே ஊரை விட்டு இறங்கினார்கள்.

அக்கா இருந்த பெருநகரத்துக்குப் போகவில்லை. அவள் பயந்துபோவாள். வேறு பக்கமாக, அங்கிருந்தும் நான்கு மணி நேரத் தூரத்தில் இருந்த ஒரு நகரத்தில் அறை எடுத்தார்கள். வாகனச் சத்தம் ஓயாத தெரு. அந்த இரைச்சல் அவர்களுக்குத் தாலாட்டாக இருந்தது. பத்தே நாளில் அவன் பழைய வேகத்துக்கு வந்துவிட்டான். புதிதாக ஒரு நோட்டு வாங்கிக் கட்டம் போட ஆரம்பித்தபோது அவள் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவனுக்கு அந்த வராந்தா சரியாக ஞாபகம் இல்லை. நன்றாகத் தூங்கினேன் என்று மட்டும் சொன்னான்.

எதற்கும் ஒரு தடவை காட்டிவிடலாம் என்று ஒரு காலையில் டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் அவன் நாடியைப் பிடித்தார், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார்.

"குதிரை மாதிரி இருக்கார். ஒண்ணும் இல்லை" என்று சிரித்தார்.

அவளுக்கு மனசு லேசானது. வாரக்கணக்கில் சுமந்ததை இறக்கி வைத்த மாதிரி. சத்து மாத்திரைக்குச் சீட்டு எழுதும் வரைக்கும் வெளியே இருங்கள் என்றார்கள். அவள் பெஞ்சில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். எதிரில் கடிகாரம் பதினொன்று இருபது காட்டியது. ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தாள்.

ஜன்னல் வெயில் எதிர்ச் சுவருக்குப் போயிருந்தது.

பெஞ்சுகள் காலியாக இருந்தன. அவன் அவள் முன்னால் மண்டியிட்டு அவள் இரண்டு கைகளையும் பிடித்திருந்தான். முகமெல்லாம் கண்ணீர். டாக்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களுக்குப் பின்னால் அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

அக்கா எப்போது வந்தாள் என்று அவளுக்குப் புரியவில்லை. நான்கு மணி நேரப் பயணம்.

மூவரின் வாயும் படபடவென்று அடித்துக்கொண்டன. குருவிகள் கத்துவது போலக் கீச்சுக் கீச்சென்று ஏதோ கேட்டது. எப்பேர்ப்பட்ட பேச்சையும் விரல் நுனியில் பிடிக்கிறவளுக்கு, தன் கணவன் கத்துவதில் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். முதல் எழுத்தை உதடு தேடிக்கொண்டிருந்தபோதே சுவரில் வெயில் ஒரு சாண் ஏறியது.

அவளுக்கு இடது பக்கத்தில் பெஞ்சு லேசாகத் தாழ்ந்தது.

யாரோ அவள் கழுத்தோரம் துணியை இழுத்துச் செருகினார்கள். பிறகு நிதானமாக, ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும்படி, அன்பாகச் சொன்னார்கள்.

"அவங்க அப்படித்தான் அவசரப்படுவாங்க. நீ மெதுவா வா."