ரௌனோ நாக்கு வைத்த கல்

வாளி காலியாக இருந்தது.

மத்தியானம்தான் சாய்மி அதை நிரப்பி வைத்திருந்தாள். உறைந்த ஏரியில் போட்டிருந்த துளையிலிருந்து மொண்டு, கை விறைக்க மேடேற்றிச் சுமந்து வந்த பதினைந்து லிட்டர் தண்ணீர். இப்போது மணி மூன்றுதான், வடக்கத்திக் குளிர்காலத்தில் அதற்குள் வெளியே இருட்டிவிட்டது, வாளியின் அடியில் வெள்ளையாகப் பொடி மட்டும் ஒட்டியிருந்தது. விரலால் தொட்டாள், நரநரவென்றிருந்தது. பழக்கதோஷத்தில் விரலை நாக்குக்குக் கொண்டு போனவள், நல்லவேளை, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"இவ்வளவையும் நீயா குடிச்ச?"

ஜன்னலோரம் முதுகைக் காட்டி நின்றிருந்த அவள் கணவன் ரௌனோ திரும்பவில்லை. "தாகமா இருந்துச்சு" என்றான்.

கல் ஆராய்ச்சிக்காரர்களுக்கு இந்த நாக்குப் புத்தி உண்டு. களிமண் கல் நாக்கில் ஒட்டும், எலும்பு இன்னும் ஒட்டும், வெறுங்கல் வழுக்கும்; மலையில் திரியும்போது நக்கிப் பார்த்துத்தான் பாதி முடிவு எடுப்பார்கள். ரௌனோ அதை ஆறு வயது மகள் லெம்பிக்கும் பழக்கிவிட்டிருந்தான். அவள் பனி உடுப்பின் பைகளில் எப்போதும் கூழாங்கற்கள் கிடக்கும். ஒவ்வொன்றாக எடுத்து நக்கி, "இது களிமண்ணு, இது சும்மா" என்று தீர்ப்புச் சொல்வாள்.

ஆனால் வானத்திலிருந்து விழுந்த கல்லை யாரும் நக்குவதில்லை, கையால்கூடத் தொடுவதில்லை. மூன்று நாளைக்கு முன் கிழக்குப் பின்லாந்து முழுக்க வெளிச்சமாக்கிக்கொண்டு ஒரு நெருப்புக்கோளம் விழுந்தது. கேமராக்களில் பதிந்த படங்களை வைத்துக் கணக்குப் போட்டதில், ரௌனோ குடும்பத்தின் இந்தக் குடில் இருந்த ஏரியின் மேல்தான் விழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. அவர்கள் வேலை பார்த்த அருங்காட்சியகம் இருவரையும் அனுப்பியது. லெம்பியை விட்டுவர ஆளில்லாமல் கூட்டி வந்தார்கள். இன்று காலை பனிக்கட்டியின் மேல் அது கிடைத்தது. முஷ்டி அளவு, மேலே தீய்ந்த ரொட்டித் தோல், உடைந்த மூலையில் உள்ளே வெள்ளை.

அந்த வெள்ளைதான் ரௌனோவைக் கிறுக்கனாக்கியது. விண்கலம் ஒன்று சிறுகோளிலிருந்து அள்ளி வந்த தூசியில், வற்றிப்போன உப்புநீரின் தடம் கிடைத்ததிலிருந்து அவர்கள் துறையில் யாருக்கும் தூக்கமில்லை. அலுமினியத் தாளை சாய்மி பிரித்துக்கொண்டிருந்தபோதே அவன் குனிந்து நாக்கை வைத்துவிட்டான்.

"நானூத்தம்பது கோடி வருஷத்து உப்பு, சாய்மி. கடலுக்கெல்லாம் தாத்தா."

"இனிமே உன் எச்சிலையும் சேத்துத்தான் கட்டுரை எழுதணும்" என்று திட்டினாள். பிறகு இருவருமே சிரித்தார்கள். உடைந்துபோன அந்த மூலைத் துண்டைத் தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அடுக்களையிலிருந்து ரௌனோ விழுங்கும் சத்தம், மடக் மடக்கென்று, மூச்சு விடக்கூட இடைவெளியில்லாமல் வந்துகொண்டே இருந்தது. கெட்டிலில் இருந்தது போயிற்று, ஆறிய காபி போயிற்று, ஊறுகாய் ஜாடியின் தண்ணீர் போயிற்று, கடைசியில் சவுனா என்னும் நீராவிக் குளியலறையில் நேற்றுக் குளித்து மிஞ்சிய சோப்பு நீரில் அவன் தலையைக் கவிழ்ப்பது கேட்டது. வெடிமருந்தும் கருவாடும் கலந்த வாடை வீடெங்கும் பரவியிருந்தது. வெளியே வந்தவனின் உதடுகளைச் சுற்றி வெள்ளை பொருக்குக் கட்டியிருந்தது.

நகரத்துக்குப் போய் டாக்டரைப் பார்க்கலாம் என்றாள் சாய்மி. அவன் தலையாட்டினான், ஆனால் அசையவில்லை. கார் சாவி அவன் போட்டிருந்த கோட்டின் பையில் இருந்தது. அவள் லெம்பியின் அறைக்குப் போய்ப் பனி உடுப்பை மாட்டிவிட்டு, கதவை உள்ளே தாழ் போட்டுக்கொள், நான் கூப்பிட்டால் மட்டும் திற என்றாள். மேசையில் பால் தம்ளர் காலியாக இருந்தது. பால் குடிக்க ஊரைக் கூட்டுகிற பிள்ளை, இன்று ஒரே மூச்சில் குடித்திருக்கிறதே என்று அந்தக் கலவரத்திலும் ஆறுதலாக இருந்தது அவளுக்கு.

அப்போதுதான் வெளியே அவர்கள் நாய் முஸ்தியின் குரைப்பு நின்றுபோயிருந்தது உறைத்தது.

டார்ச்சோடு வெளியே போனாள். ரௌனோவின் காலடித் தடங்கள் விறகுக் குவியல் வரை போய்த் திரும்பியிருந்தன. குவியலுக்குப் பின்னால் முஸ்தி கிடந்தது. தொண்டை கிழிந்திருந்தது. பனியில் ஒரு சொட்டு ரத்தமில்லை. தூக்கினாள்; முப்பது கிலோ நாய், காலிச் சாக்கின் எடைதான் இருந்தது. கிழிசலிலிருந்து உப்பு கொட்டியது.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். தண்ணீர் தீர்ந்தால் எதைக் குடிப்பான் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

அடிக்கடி உறைந்து மூடிக்கொள்ளும் ஏரித் துளையை இடிக்கும் கடப்பாரை வாசலில் சாத்தியிருந்தது. எடுத்துக்கொண்டாள்.

ரௌனோ லெம்பியின் அறைக் கதவுக்கு முன்னால் குந்தியிருந்தான். கதவிடுக்கில் மூக்கை வைத்து மோந்துகொண்டிருந்தான். திரும்பினான். நாக்கு வெளியே தொங்கியது. சாம்பல் நிறம். வெடிப்பு வெடிப்பாக.

"அவகிட்ட நிறைய இருக்கு, சாய்மி" என்றான். கெஞ்சும் குரல். "கொஞ்சம்தான் எடுப்பேன்."

"தள்ளிப் போ, ரௌனோ."

அவன் கதவில் தோளால் மோதினான். தாழ் பிய்ந்தது. பலகை விரிந்தது.

அவள் அடித்தாள். தோளில். எலும்பு முறிந்த சத்தம். ரத்தமில்லை. கல்லுப்பு. அவன் அவள் முடியைப் பிடித்து அடுப்பின் மேல் எறிந்தான். கண் இருட்டியது. எழுந்தாள். அவன் ஒரு கையைக் கதவுக்குள் விட்டிருந்தான். கையின் மேல் அடித்தாள். கை விழுந்தது. விழுந்த கை விரல்களை நீட்டி மடக்கியது. அவன் திரும்பிப் பார்க்கவேயில்லை. பத்து வருடம் கூடப் படுத்தவன். தலையில் அடித்தாள். மறுபடி. மறுபடி. அசைவு நிற்கும் வரை. நின்ற பிறகும்.

சாவி. கோட்டுப் பை. பை நிறைய உப்பு. கிடைத்தது.

லெம்பி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சாய்மி அவள் கண்களைப் பொத்தித் தூக்கிக்கொண்டு ஓடினாள். காருக்குள் போட்டாள். கதவுகளைப் பூட்டினாள். மூன்றாவது திருகலில் இன்ஜின் பிடித்தது.

அதற்கு மேல் கை ஓடவில்லை. மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஐயோ, என்ன செய்துவிட்டேன் என்று விம்மி விம்மி அழுதாள். இவள் பிழைத்தாளே, அது போதும், அது போதும் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். லெம்பி அவள் கன்னத்தில் முத்தமிட்டாள். தேற்றுகிறாள், பாவம்.

விலா எலும்பில் ஏதோ குத்தியது. குழந்தையின் பையில் கல். எடுத்தாள். ஒரு பக்கம் தீய்ந்த தோல். மறுபக்கம் வெள்ளை. வெள்ளையின் நடுவே சின்னக் குழி, வழுவழுவென்று, ஒரு நாக்கின் அகலம்.

கன்னத்தில் இருந்தது உதடு இல்லை.

காய்ந்திருந்தது. சொரசொரவென்றிருந்தது. தாடையிலிருந்து மேலே ஊர்ந்து, கண்ணோரத்துக்கு வந்து நின்றது. கையுறை போட்ட இரண்டு சின்னக் கைகள் அவள் முகத்தை இருபுறமும் இறுக்கிப் பிடித்தன.

"இன்னும் அழும்மா" என்றாள் லெம்பி.